செடி வைத்தும் நைட்ரேட் இறங்காத மீன் தொட்டி: அறிகுறியைப் பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் தண்ணீரில் சேரும் நைட்ரேட், செடி வைத்தால் தானாக இறங்கிவிடும் என்பது பாதிதான் உண்மை. செடி நைட்ரேட்டை ஒழித்துக்கட்டுவதில்லை, தன் உடம்பாக மாற்றிச் சேர்த்துவைக்கிறது. அந்த உடம்பை வெட்டி வெளியே எடுத்தால்தான் நைட்ரேட் தொட்டியை விட்டுப் போகும். உள்ளேயே அழுக விட்டால் எடுத்ததெல்லாம் அப்படியே தண்ணீருக்குத் திரும்பும். கீழே வரும் பழுதுகளில் பாதிக்கு மேல் இதை மறந்ததால் வருபவை.

மீன் தொட்டிக்கு 5 முதல் 20 பி.பி.எம். (லிட்டருக்கு மி.கி.) வரை வசதியான அளவு. 40-ஐத் தாண்டினால் கை வைக்க வேண்டும். இறால் வளர்ப்பவர்கள் 20-க்குக் கீழே வைத்துக்கொள்வது நல்லது. உங்கள் தொட்டியில் தெரியும் அறிகுறியின் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில்.

ஒரு எச்சரிக்கை. மீன் இப்போதே மூச்சு வாங்கினால், மூலையில் ஒடுங்கினால், செவுள் பழுப்பாகத் தெரிந்தால் நைட்ரேட்டை விட்டுவிட்டு கழிவு நைட்ரேட்டாக மாறும் வழியில் வரும் விஷங்களான அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் 0 காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் உடனே தண்ணீர் மாற்ற வேண்டும் (நைட்ரேட் 100-ஐத் தாண்டிய பழைய தொட்டி என்றால் முதலில் அறிகுறி 10-ஐப் படியுங்கள்). செடி வாரக்கணக்கில் வேலை செய்யும் மருந்து, அவசரத்துக்கு உதவாது.

## அறிகுறி 1: செடி வைத்து ஒரு மாதமாகியும் எண் அசையவில்லை

### முதல் சந்தேகம் டெஸ்ட் கிட் மேல்

இரண்டு புட்டித் திரவ கிட்டில் இரண்டாவது புட்டிதான் தகராறு. அதில் இருக்கும் தூள் அடியில் படிந்து கட்டியாகிவிடும். சும்மா இரண்டு முறை ஆட்டிவிட்டுத் துளி விட்டால் தெளிந்த திரவம் மட்டும் வந்து, உண்மையைவிடக் குறைவான எண்ணைக் காட்டும். அடுத்த வாரம் யாராவது நன்றாகக் குலுக்கி அளந்தால் 10 திடீரென்று 60 ஆகும், பழி செடி மேல் விழும்.

செய்ய வேண்டியது: புட்டியின் அடியை மேசையில் நாலைந்து தட்டு தட்டுங்கள். பிறகு 30 விநாடி பலமாகக் குலுக்குங்கள். துளி விட்ட பின் சோதனைக் குழாயை ஒரு முழு நிமிடம் குலுக்கி, 5 நிமிடம் கழித்து வெள்ளைத் தாளின் மேல், பகல் வெளிச்சத்தில் நிறம் பாருங்கள். துளி எண்ணிக்கையும் நேரமும் கிட்டுக்குக் கிட்டு மாறும் என்பதால் உள்ளே இருக்கும் தாளே கடைசி வார்த்தை. புட்டியைச் சாய்க்காமல் நேர் தலைகீழாகப் பிடித்தால்தான் துளி ஒரே அளவாக விழும்.

40-க்கும் 80-க்கும் சிவப்பில் வித்தியாசம் தெரியாது. அப்படிப்பட்ட தொட்டியில் ஊசியில்லாத சிரிஞ்சால் 1 மி.லி. தொட்டித் தண்ணீரும் 4 மி.லி. காய்ச்சி வடித்த நீரும் கலந்து அளந்து, வந்த எண்ணை 5-ஆல் பெருக்குங்கள்.

சில கிட்கள் நைட்ரேட்டை நேரடியாகக் காட்டாமல் அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் காட்டும். அந்த அட்டையில் 10 என்றால் நைட்ரேட் கணக்கில் 44. அளவு மாற்றும் எண் 4.43. நண்பரின் கிட் 40 காட்ட, உங்களுடையது 9 காட்டினால் இரண்டும் சரியாகவே இருக்கலாம். இன்னொன்று, பெரும்பாலான கிட்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் நிறம் காட்டுகின்றன. எனவே தண்ணீரில் ஏற்கனவே நைட்ரைட் இருந்தால் நைட்ரேட் எண்ணை நம்ப முடியாது.

### அடுத்தது ஊற்றும் தண்ணீர்

தொட்டிக்கு ஊற்றும் தண்ணீரையும் அதே கிட்டால் அளந்து பாருங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை. ஊற்றும் தண்ணீரில் 20 இருந்து, தொட்டியில் 60 இருந்தால் பாதித் தண்ணீர் மாற்றிய பின் கிடைப்பது 30 இல்லை, 40. எத்தனை முறை மாற்றினாலும் 20-க்குக் கீழே தண்ணீர் மாற்றத்தால் இறக்க முடியாது. இந்த இடத்தில் செடிக்கு உண்மையான வேலை இருக்கிறது. 20-லிருந்து கீழே கொண்டுபோக அதுதான் மலிவான வழி.

ஊற்றும் தண்ணீர் 40-க்கு மேல் காட்டினால் செடியை மட்டும் நம்பாதீர்கள். ஆர்.ஓ. தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலக்கலாம். முழுக்க ஆர்.ஓ. ஊற்றக் கூடாது. கால்சியமும் மெக்னீசியமும் இல்லாத தண்ணீரில் மீனும் தேறாது, செடியும் தேறாது. கிணறு, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீராக இருந்து 50-ஐ நெருங்கினால் ஒரு புட்டி பிடித்துத் தண்ணீர் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் எல்லை லிட்டருக்கு 50 மி.கி. அதைத் தாண்டிய தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் மாவு கரைக்கக் கூடாது. கொதிக்கவைத்தால் நைட்ரேட் போகாது, தண்ணீர் ஆவியாவதால் இன்னும் செறிவாகும். மீன் தொட்டிக்காக வாங்கிய கிட் வீட்டுக்காரர்களுக்கும் பயன்படும் இடம் இது.

### செடி வகை சரியில்லை

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், பாசிப் பந்து மூன்றும் அழகு, சாவதும் அரிது. அதே காரணத்தால் நைட்ரேட்டுக்கு உதவாது. மாதத்துக்கு ஓரிரு இலை விடும் செடி எவ்வளவு நைட்ரஜன் எடுத்துவிடும்? வேகமாக வளர்வதுதான் வேண்டும்: ஹார்ன்வோர்ட், ஹைக்ரோஃபிலா, லிம்னோஃபிலா, வாட்டர் ஸ்ப்ரைட், வாலிஸ்நேரியா. மிதப்பவற்றில் டக்வீட், சால்வினியா, ஃபிராக்பிட். தொட்டிக்கு மேலே வளர்ப்பதில் மணி பிளான்ட்.

மிதப்பதும் மேலே வளர்வதும் தண்ணீருக்குள் இருப்பதைவிட வேகமாக எடுக்கும். இலை காற்றில் இருப்பதால் கார்பன் டை ஆக்ஸைடுக்குப் பஞ்சமில்லை, வெளிச்சமும் முழுசாகக் கிடைக்கும். நைட்ரேட்தான் ஒரே கவலை என்றால் மிதக்கும் செடியில் தொடங்குங்கள்.

### வெட்டி எடுக்கவே இல்லை, அல்லது தீனி அதிகம்

இதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். 100 லிட்டர் தொட்டி, தினம் 1 கிராம் தீனி, தீனியில் 40 சதவீதம் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். அதாவது 1 கிராம் தீனியில் 64 மி.கி. நைட்ரஜன், அது முழுக்க நைட்ரேட்டானால் 283 மி.கி. தொட்டியில் தினம் 2.8 பி.பி.எம். ஏறும். மீனின் உடம்பில் தங்குவதைக் கழித்தாலும் வாரத்துக்கு 15 அளவில் நிற்கும்.

இப்போது செடிப் பக்கம். வடிகட்டிய ஈரச் செடி 100 கிராமில் உலர்ந்த பொருள் 7 கிராம் தேறினால் அதிகம். அதில் 3 சதவீதம் நைட்ரஜன் என்றால் 0.2 கிராம், நைட்ரேட்டாகச் சொன்னால் 0.9 கிராம். 100 லிட்டரில் அது சுமார் 9 பி.பி.எம். ஆக வாரம் 15-ஐ ஈடுகட்ட வாரம் 170 கிராம் செடியை வெட்டி எடுக்க வேண்டும். சமையலறைத் தராசில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மூன்று கொத்து செடி வைத்த தொட்டியில் அவ்வளவு கிடைக்காது என்பது உடனே புரியும்.

சில தீனி, சில செடியில் எண்கள் கூடக் குறைய இருக்கலாம், விகிதம் பெரிதாக மாறாது. வழி மூன்றுதான்: தீனியைக் குறையுங்கள், செடியைக் கூட்டுங்கள், மிச்சத்துக்குத் தண்ணீர் மாற்றுங்கள். இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவுக்குத் தீனி, வாரத்தில் ஒரு நாள் பட்டினி. வளர்ந்த மீனுக்கு இதனால் ஒன்றும் ஆகாது.

வெட்டியதைக் குளம், வாய்க்கால், சாக்கடை எதிலும் போடாதீர்கள். ஃபிராக்பிட், ஆகாயத்தாமரை, சால்வினியா எல்லாம் நீர்நிலையை மூடிவிடும் வகை. வெயிலில் காயவைத்து உரக்குழியில் போடுங்கள்.

### உரப் புட்டி

எல்லாம் கலந்த திரவ உரத்தில் பெரும்பாலும் நைட்ரேட்டும் இருக்கும். நைட்ரேட்டை இறக்கச் செடி வைத்து, செடிக்கு நைட்ரேட் ஊற்றுவது அடிக்கடி நடக்கிறது. லேபிளில் நைட்ரஜன், பொட்டாசியம் நைட்ரேட் என்று இருந்தால் அதை நிறுத்திவிட்டு, நைட்ரஜன் இல்லாத நுண்சத்து உரத்துக்கு மாறுங்கள்.

### அழுக்கு பிடித்த ஃபில்டர், மணலடி

கேனிஸ்டர் ஃபில்டரை (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) ஆறு மாதம் திறக்காமல் விட்டால் அது நைட்ரேட் தொழிற்சாலை. உள்ளே தேங்கிய கழிவு தினமும் கரைந்துகொண்டே இருக்கும். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே கசக்கிக் கழுவுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும். மணலில் செடி வேர் இல்லாத இடங்களை மட்டும் சைஃபன் குழாயால் உறிஞ்சுங்கள். ஒரே நாளில் ஃபில்டர், மணல் இரண்டையும் சுத்தம் செய்யாதீர்கள், ஒரு வாரம் இடைவெளி விடுங்கள்.

இத்தனையும் பார்த்து, எட்டு வாரமாகியும் எண் இறங்கவில்லையா? தொட்டியின் கொள்ளளவுக்கு மீன் அதிகம். அதற்குச் செடியில் தீர்வு இல்லை.

## அறிகுறி 2: நன்றாக இறங்கிய எண் மறுபடி ஏறுகிறது

செடி மேற்பரப்பை முழுக்க மூடிவிட்டதா என்று பாருங்கள். டக்வீட் இரண்டு அடுக்காக ஏறியதும் வளர்ச்சி நின்றுவிடும், கீழடுக்கு அழுகத் தொடங்கும். கீழே இருக்கும் தண்டுச் செடிகளும் வெளிச்சம் இல்லாமல் அடி இலைகளை உதிர்க்கும். இறக்கிக் காட்டிய அதே செடிதான் இப்போது ஏற்றுகிறது. பாதியை அள்ளி எடுங்கள். அடுத்த அளவீட்டை ஒரு வாரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள், மறுநாளே பார்த்துக் குழம்ப வேண்டாம்.

வேறு காரணங்கள்: கல்லுக்குப் பின்னால் செத்துக் கிடக்கும் மீன் அல்லது நத்தை, ஃபில்டர் வாயில் சிக்கி அழுகும் இலைகள், அண்மையில் சேர்த்த மீன்கள், விளக்குக் கண்ணாடி மேல் படிந்த சுண்ணாம்புக் கறை. கறையை வினிகர் நனைத்த துணியால் துடையுங்கள், விளக்கின் பிளக்கைக் கழற்றிவிட்டு. துடைத்த பின் வெளிச்சம் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

இவை எதுவும் இல்லை, செடி ஆரோக்கியமாகவும் தெரியவில்லை என்றால் செடிக்கு வேறு ஏதோ சத்துத் தட்டுகிறது. அடுத்த பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி 3: நைட்ரேட் நிறைய இருக்கிறது, செடி மட்டும் நலிகிறது

தண்ணீரில் நைட்ரேட் 60 இருந்தாலும் பொட்டாசியமோ இரும்புச்சத்தோ தீர்ந்துபோனால் செடி வளராது, வளராத செடி நைட்ரேட்டைத் தொடாது. மீன் தீனியிலிருந்து நைட்ரஜனும் பாஸ்பேட்டும் தாராளமாக வரும். பொட்டாசியமும் இரும்பும் அந்த அளவுக்கு வராது. எனவே சந்தேகம் முதலில் இந்த இரண்டின் மேல்தான். எந்த இலை கெடுகிறது என்பதைப் பார்த்தால் போதும்.

பழைய இலையில் குண்டூசித் துளைகள், துளையைச் சுற்றி மஞ்சள் வளையம்: பொட்டாசியம் குறைவு. 100 லிட்டருக்கு 5 பி.பி.எம். ஏற்ற 1.1 கிராம் பொட்டாசியம் சல்பேட் போதும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, தண்ணீர் மாற்றும் நாளில் வாரம் ஒருமுறை ஊற்றுங்கள். பழைய துளை மூடாது, புது இலை முழுசாக வருகிறதா என்பதைக் கவனியுங்கள். நத்தை தின்ற ஓட்டையில் மஞ்சள் வளையம் இருக்காது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

புது இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சை: இரும்புச்சத்து. நைட்ரஜன் இல்லாத நுண்சத்து உரத்தை லேபிள் அளவில் பாதியாகத் தொடங்குங்கள். நுண்சத்து உரங்கள் பலவற்றில் துளி செம்பும் இருக்கும். லேபிள் அளவில் இறாலுக்கு அது பொதுவாகத் தொல்லை தராது, கை தாராளமாக ஊற்றினால் தரும்.

பழைய இலையில் நரம்புகளுக்கு நடுவே மஞ்சள்: மெக்னீசியம். மென்னீரிலும், ஆர்.ஓ. கலக்கும் தொட்டியிலும் பார்க்கலாம்.

வாங்கி வந்த ஓரிரு வாரத்தில் இலைகள் கண்ணாடிபோல் ஆகிக் கரைகின்றன: பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. பண்ணைகளில் பல செடிகளைத் தண்ணீருக்கு மேலே வளர்த்து விற்கிறார்கள். உள்ளே வந்ததும் பழைய இலை கழிந்து நீர் இலை வரும். கிரிப்டோகோரைன் இடம் மாற்றினாலே கரையும். வேரும் குருத்தும் உறுதியாக இருந்தால் பிடுங்காதீர்கள், கரைந்த இலையை மட்டும் அன்றன்றே எடுத்துவிடுங்கள். எடுக்காமல் விட்டால் அம்மோனியா ஏறும்.

வாலிஸ்நேரியாவும் ஹார்ன்வோர்ட்டும் மட்டும் கரைகின்றன, மற்றவை நன்றாக இருக்கின்றன: திரவக் கார்பன் என்று விற்கும் புட்டியை ஊற்றினீர்களா? அதிலுள்ள குளுட்டரால்டிஹைடு இந்தச் செடிகளுக்கு ஆகாது. நிறுத்துங்கள், பாதித் தண்ணீர் மாற்றுங்கள். மீனுக்கு வைத்தியமாக உப்போ செம்பு கலந்த மருந்தோ போட்டிருந்தாலும் இதே நிலை வரும்.

இடைக்கணு நீண்டு, தண்டு மெலிந்து, அடி இலை உதிர்ந்து மொட்டையாகிறது: வெளிச்சம் போதவில்லை. முதலில் மேலே மிதப்பதை விலக்குங்கள். பிறகு 6 மணி நேரத்திலிருந்து 8 மணி நேரத்துக்கு ஏற்றுங்கள், டைமர் போட்டு. அதற்கும் சரியாகாவிட்டால்தான் புது விளக்கு. தொட்டியின் மேல் விளக்கு மினுக்கினாலோ, உலோகப் பகுதியைத் தொட்டால் சுரீர் என்றாலோ, உள்ளே தண்ணீர் கோத்திருந்தாலோ கழற்றிப் பார்க்க வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 4: மிதக்கும் செடி பழுப்பாகிச் சுருங்குகிறது

ஃபிராக்பிட்டின் மேல்பக்கம் நனையக் கூடாது. மூடியில் திரளும் நீர்த்துளி விழுந்துகொண்டே இருந்தால் இலையில் புள்ளி விழுந்து அழுகும். மூடியை இரண்டு மூன்று செ.மீ. திறந்து வையுங்கள். மீன் துள்ளும் தொட்டி என்றால் திறப்பில் வலை.

ஃபில்டர் தண்ணீர் கொட்டும் இடத்தில் செடி சுழன்று மூழ்கி மூழ்கி எழுந்தாலும் இதே கதிதான். காற்றுக் குழாய் ஒரு மீட்டர் வெட்டி, இரண்டு முனையையும் ஒரு இணைப்பியால் சேர்த்தால் மிதக்கும் வளையம் கிடைக்கும். செடியை அதற்குள் விட்டால் நீரோட்டம் தொடாது. மேற்பரப்பில் பாதியைத் திறந்து வைப்பதற்கும் இந்த வளையமே எல்லைக்கோடு.

இலை வெளிறிச் சிறுத்தால் இரும்புச்சத்து. வேர் திடீரென்று குட்டையானால் மீனைப் பாருங்கள், தங்கமீன் இருக்கும் தொட்டியில் விசாரணையே தேவையில்லை.

## அறிகுறி 5: மணி பிளான்ட் வைத்தேன், வேர் அழுகுகிறது அல்லது வளரவே இல்லை

மண் தொட்டியிலிருந்து பிடுங்கி நேராக மீன் தொட்டியில் வைத்தால் மண் வேர் பாதி செத்து அழுகும். நீர் வேர் தனியாக முளைக்க வேண்டும். மூன்று கணு உள்ள தண்டை, அடிக்கணுவுக்கு ஒரு விரல் கீழே வெட்டுங்கள். அடி இலையைக் கிள்ளிவிட்டு, கணு மட்டும் மூழ்கும்படி கண்ணாடிக் குவளையில் வையுங்கள். குவளையில் வைக்கும் முன், வெட்டிய இடத்தில் சாறு கசிவது நிற்கும்வரை ஒரு மணி நேரம் வெளியே கிடக்கட்டும். இந்தச் செடியில் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிப் படிகங்கள் உண்டு, தோல் அரிக்கும், தின்றால் வாய் எரியும். கையைக் கழுவுங்கள், வீட்டுப் பூனைக்கு எட்டாமல் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளை வேர் ஒரு விரல் நீளம் வந்ததும் தொட்டிக்கு மாற்றுங்கள். வேரும் கணுவும் மட்டுமே தண்ணீரில், இலையும் தண்டும் வெளியே.

100 லிட்டருக்கு ஆறு எட்டு தண்டில் தொடங்கலாம். எண்ணில் மாற்றம் தெரிய மேலும் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். வேர் விடாமல் இலை மட்டும் பச்சையாக நிற்கிறது என்றால் அறை இருட்டு. தொட்டி விளக்கு கீழ்நோக்கி அடிப்பதால் மேலே இருக்கும் இலைக்கு எட்டாது. ஜன்னல் வெளிச்சமோ தனி விளக்கோ கட்டாயம்.

கறுத்துக் குழைந்து நாறும் வேரைப் பிசிறு விடாமல் வெட்டி எடுங்கள். ஃபில்டரின் உறிஞ்சு வாயைத் தேடி வேர் போகும், அங்கே ஸ்பாஞ்ச் உறை மாட்டுங்கள். பக்கவாட்டில் தொங்கும் ஃபில்டர் பெட்டிக்குள் வைப்பவர்கள் மாதம் ஒருமுறை மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும். மோட்டாரின் சுழலும் இறக்கையான இம்பெல்லரில் வேர் சுற்றினால் மோட்டார் முனகும், பிறகு நின்றுபோகும்.

## அறிகுறி 6: நைட்ரேட் இறங்கும் முன் பாசி வந்துவிட்டது

செடி குறைவாக இருக்கும்போதே விளக்கைப் பத்து மணி நேரம் எரித்ததுதான் வழக்கமான காரணம். 6 மணி நேரமாகக் குறைத்து, செடியைக் கூட்டுங்கள். இழைப்பாசியைப் பல்துலக்கும் பிரஷில் சுற்றி இழுத்து எடுக்கலாம். வெளியே எடுத்த பாசியும் நைட்ரேட் கணக்கில் அறுவடைதான், வீண் வேலை இல்லை. நேர் வெயில் படும் தொட்டியில் ஜன்னல் பக்கக் கண்ணாடிக்கு அட்டை ஒட்டுங்கள்.

பாசி மருந்து ஊற்றாதீர்கள். செத்த பாசி முழுதும் ஒரே நேரத்தில் அழுகினால் அம்மோனியா ஏறும், ஆக்ஸிஜன் இறங்கும். அந்த மருந்துகளில் சில செடியையும் சேர்த்தே கொல்லும்.

## அறிகுறி 7: விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது, காலை போகப் போகச் சரியாகிறது

இரவில் செடியும் ஆக்ஸிஜனைத்தான் இழுக்கும். மிதக்கும் செடி மேற்பரப்பை மூடியிருந்தால் காற்றிலிருந்து புதிதாகக் கரையவும் வழியில்லை. பாதி மேற்பரப்பைத் திறந்துவிடுங்கள். ஏர் பம்பை விளக்குக்கு எதிர் நேரத்தில் டைமரில் போடுங்கள்: விளக்கு அணையும்போது பம்ப் ஓடும், விளக்கு எரியும்போது நிற்கும். சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடு விடுபவர்கள் விளக்கு அணைய ஒரு மணி நேரம் முன்பே அதை நிறுத்துங்கள்.

பகலிலும் மூச்சு வாங்கினால் இது செடிப் பிரச்சினை இல்லை. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0, காற்றோட்டமும் சரி, அப்படியும் தொடர்கிறது என்றால் செவுள் நோயாக இருக்கலாம். கண்ட மருந்தையும் ஊற்றிப் பார்க்காமல் மீன் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். தொட்டித் தண்ணீர் ஒரு புட்டியும், மீன் மூச்சு விடும் வீடியோவும் கையில் இருந்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

## அறிகுறி 8: புதுச் செடி வைத்த மறுநாள் இறால்கள் சாகின்றன

செடியில் பூச்சிமருந்து இருந்திருக்கிறது. செடியை வெளியே எடுத்து, பாதித் தண்ணீர் மாற்றி, ஃபில்டரில் புதுக் கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) போடுங்கள். அடுத்த முறை வாங்கும் செடியை ஒரு வாரம் தனி வாளியில், தினமும் தண்ணீர் மாற்றி, வெளிச்சத்தில் வைத்த பின் தொட்டிக்குக் கொண்டுபோங்கள். நத்தை முட்டையும் அப்போது கண்ணில் படும்.

## அறிகுறி 9: நைட்ரேட் 0-க்குப் போய்விட்டது

கொண்டாட வேண்டாம். பழைய இலைகள் மொத்தமாக மஞ்சளாகி உதிரும், நீலப்பச்சை நிறத்தில் வழவழவென்ற போர்வை மணலை மூடும். விரலால் தேய்த்தால் தகடாகக் கழன்று வரும், மக்கிய நாற்றம் அடிக்கும். அது சயனோபாக்டீரியா. சைஃபனால் உறிஞ்சி எடுங்கள், நீரோட்டம் படாத மூலைக்குப் பம்பைத் திருப்புங்கள், மிதக்கும் செடியில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடுங்கள். நைட்ரேட் 5-லிருந்து 10-க்குள் நின்றால் அதற்கு மேல் இறக்க முயல வேண்டாம்.

## அறிகுறி 10: பழைய தொட்டி, நைட்ரேட் 100-க்கு மேல், பழைய மீன் நலம், புது மீன் இரண்டே நாளில் சாகிறது

பழைய மீன் மெல்ல மெல்லப் பழகிவிட்டது, புதியதற்கு அந்த அவகாசம் இல்லை. பதறிப்போய் முக்கால் தொட்டித் தண்ணீரை மாற்றுவதுதான் இங்கே பெரிய ஆபத்து. நைட்ரேட் உருவாகும்போது தண்ணீரின் காரத்தன்மை தேய்ந்துகொண்டே போகும், பி.எச். 6-க்குக் கீழே விழுந்திருக்கும். அந்த அமிலத் தண்ணீரில் பாக்டீரியா மந்தமாகி அம்மோனியா தேங்கும், ஆனால் அம்மோனியம் வடிவில் இருப்பதால் மீனை அவ்வளவாகத் தாக்காது. பி.எச். 7.5 உள்ள புதுத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் அந்த அம்மோனியம் விஷ அம்மோனியாவாக மாறும், ஒரே மணி நேரத்தில் பழைய மீன்களும் போகும்.

பி.எச்., அம்மோனியா இரண்டையும் முதலில் அளந்து எழுதிவையுங்கள். தினம் 10 முதல் 15 சதவீதம் மட்டும் மாற்றுங்கள், குளோரின் நீக்கியைச் சேர்த்து. மூன்றாவது நாளிலிருந்து ஹார்ன்வோர்ட்டை ஒரு கட்டு மிதக்க விடுங்கள். செடிகள் நைட்ரேட்டைவிட அம்மோனியத்தை முதலில் எடுக்கும், அதனால் முதல் வாரங்களில் நைட்ரேட் எண் பெரிதாக இறங்காமல் அம்மோனியா எண் இறங்கினால் செடி வேலை செய்கிறது என்றே பொருள். ஃபில்டரை இரண்டாவது வாரத்தில் பாதி மட்டும் கழுவுங்கள்.

தண்ணீர் மாற்றிய அன்றே மீன் உடம்பை உதறினாலோ, பக்கவாட்டில் சாய்ந்தாலோ மாற்றுவதை நிறுத்தி அம்மோனியாவை உடனே அளந்து பாருங்கள். அம்மோனியாவைக் கட்டிப்போடும் வாட்டர் கண்டிஷனரைத் தொட்டியின் முழுக் கொள்ளளவுக்கும் கணக்கிட்டு ஊற்றுங்கள், காற்றை முழு வேகத்தில் விடுங்கள். விலை உயர்ந்த மீனோ, பெரிய தொட்டியோ என்றால் தண்ணீர் மாற்றத்தைத் தொடங்கும் முன்பே அனுபவமுள்ள தொட்டிப் பராமரிப்பாளர் ஒருவரை வரவழைத்து, கூடவே நிற்கச் சொல்லுங்கள்.